மயங்கி விழுந்தவருக்கு அவசரமாகக் காரணம் சொல்லாதீர்கள்

என் தாய்மாமா மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கிறார், வயது 71. ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் குளியலறையில் விழுந்துவிட்டார். நெற்றியில் நான்கு தையல். 'வழுக்கி விழுந்துட்டார்' என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டினோம். மாமாவும் அதையேதான் சொன்னார். அத்தை மறுநாளே கடைக்குப் போய் வழுக்காத ரப்பர் பாய் வாங்கி வந்து விரித்தார். பத்து நாள் கழித்து மாமா அந்தப் பாயின் மேலேயே மறுபடியும் விழுந்தார்.

இந்த முறை பார்த்த டாக்டர் தரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அங்கிள், நடுராத்திரி எதுக்கு எழுந்திரிச்சீங்க? ஒண்ணுக்குப் போகும்போது நின்னுக்கிட்டு இருந்தீங்களா? சமீபத்துல புது மருந்து ஏதாவது கொடுத்தாங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பார்த்தார். படுத்திருந்தபோது மேல் அளவு 138, நின்றபோது 104. மூன்று நிமிடத்துக்குள் 20 குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய வீழ்ச்சி. மாமாவுக்கு 34 குறைந்திருந்தது. பழைய பிரஷர் மாத்திரைகள் இரண்டோடு, சிறுநீர் தடையில்லாமல் போவதற்கென்று இரண்டு வாரம் முன்பு ஒரு மாத்திரை சேர்ந்திருந்தது. புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் பிரசோசின், டெராசோசின் போன்ற மருந்துகள் ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. குழாய்கள் இறுகி அதை ஈடுகட்ட வேண்டும். மருந்தால் தளர்ந்த குழாய் உடனே இறுகாது. ஆண்கள் தூக்கத்திலிருந்து எழுந்து நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது அழுத்தம் இன்னும் இறங்கலாம்.

அன்றைக்கு நான் முதன்முறையாகக் கேள்விப்பட்ட செய்தி ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு நினைவு தப்பியதே பல சமயம் நினைவில் இருக்காதாம். அதனால் 'கால் இடறிடுச்சு' என்று மனமறிந்து பொய் இல்லாமல் சொல்வார்கள். தாத்தா பாட்டி காரணமில்லாமல் விழுந்தால், இடையில் சில விநாடி மயக்கம் வந்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

'மயக்கமா இருக்கு' என்றால் என்ன?

நம் பேச்சில் மயக்கம் என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. தலை சுற்றினாலும் மயக்கம், சுயநினைவு போய் விழுந்தாலும் மயக்கம். அரசாங்க கிளினிக்கில் தமிழ் தெரியாத டாக்டரிடம் மகனோ மகளோ அதை மலாயில் 'பெனிங்' என்று மொழிபெயர்த்தால் டாக்டர் தலைசுற்றல் என்று எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். நினைவு தப்பி விழுந்தது 'பெங்சான்'. இரண்டுக்கும் காரணங்கள் வேறு, சோதனைகளும் வேறு. பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் இந்த ஒரு சொல்லில் கவனமாக இருங்கள்.

சரி, காரணம் என்று நாமே ஒட்டிவிடும் பெயர்களுக்கு வருவோம். பித்தம், ரத்தம் கம்மி, லோ பிரஷர், சுகர் இறங்கிடுச்சு. இவற்றில் சர்க்கரை இறங்குவது உண்மையாகவே அவசரம். ஆனால் அதற்கென்று ஒரு போக்கு உண்டு. சாதாரண மயக்கத்தில் விழுந்தவர் படுத்த நிலையில் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து தெளிவாகப் பேசிவிடுவார். சர்க்கரை இறங்கியவர் அப்படி எதுவும் சாப்பிடாமல் சட்டென்று தெளிய மாட்டார். வேர்த்து ஊற்றும், கை நடுங்கும், பேச்சு குழறும், சில சமயம் கோபமாகக்கூட நடந்துகொள்வார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் இந்த ஆபத்து பெரும்பாலும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அரிது. குத்திப் பார்க்கும்போது சர்க்கரை 4-க்குக் (mmol/L) கீழே இருந்து, ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் மைலோவோ சீனித் தண்ணீரோ ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

ரத்தசோகை மெதுவாக வந்தால் சோர்வும் மூச்சிரைப்பும்தான் முதலில் தெரியும். திடீரென்று சாய்ந்தவருக்கு உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று யோசியுங்கள். மூட்டு வலிக்கு நாள்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டவருக்குத் தார் போலக் கறுப்பாக மலம் போகிறதா? மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு மயக்கம் வந்ததா? இரண்டாவது, கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரமில்லை, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

தூக்கி உட்கார வைக்கும் பழக்கம்

பள்ளிக்கூடச் சபைக்கூடலில் வெயிலில் நின்று விழும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஓடிவந்து தோளைப் பிடித்து நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எவ்வளவு அன்போடு செய்தாலும் இது தவறு. மூளைக்கு ரத்தம் போதாமல்தான் உடம்பு சாய்ந்தது; படுத்தால் ரத்தம் தானாகத் திரும்பும். அதை நிமிர்த்திப் பிடித்தால் மயக்கம் நீளும், கை கால் வெட்டி வெட்டி இழுக்கவும் செய்யும். பார்த்தவர்கள் 'வலிப்பு' என்று சொல்லிவிடுவார்கள், அந்தப் பெயர் பிள்ளையோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண மயக்கத்திலும் சில விநாடிகள் உடம்பு துள்ளலாம். வலிப்பில் இழுப்பு பெரும்பாலும் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ நீடிக்கும், நாக்கின் ஓரம் கடிபடலாம், அடங்கிய பிறகும் பல நிமிடங்கள் ஆளுக்குக் குழப்பம் தெளியாது. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் எதுவும் மாறாது. வாய்க்குள் கரண்டி வைப்பது பல்லை உடைக்கும். ஆளைத் தரையில் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். வாந்தி வந்தாலும், இழுப்பு நின்ற பிறகும் பக்கவாட்டில் திருப்புங்கள். நிறைமாதக் கர்ப்பிணியை இடது பக்கம் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை, அல்லது விக்கி விக்கி வருகிறது என்றால் 999-ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த அரை நிமிட வீடியோ பல ஸ்கேன்களைவிட டாக்டருக்கு உதவும்.

இளம் வயது என்று விட்டுவிடுவது

எனக்கு மிகவும் பயம் தரும் தவறு இதுதான். பெரும்பாலான மயக்கங்கள் ஆபத்தில்லாதவை என்பது உண்மை. நீண்ட நேரம் நின்றது, வெயில், பசி, ரத்தத்தைப் பார்த்தது, ஊசி வலி, இப்படி ஏதோ ஒன்று நரம்பைத் தூண்டி இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் ஒருசேரக் குறைத்துவிடும். இதற்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பு உண்டு: கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காது அடைத்து எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்பது போல் ஆவது.

முன்னறிவிப்பே இல்லாமல் விளக்கை அணைத்தது போல் விழுந்தால் அது வேறு கதை. ஃபுட்சால் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது, உட்கார்ந்திருக்கையில் அல்லது படுத்திருக்கையில் நினைவு தப்புவது, விழுவதற்கு முன் நெஞ்சு படபடப்பது அல்லது வலிப்பது, இவை இதயத்திலிருந்து வரக்கூடியவை. துடிப்பின் மின்னோட்டக் கோளாறு, தடித்துப்போன இதயத் தசை, குறுகிய வால்வு என்று காரணங்கள் பல. குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். புருகாடா என்ற பரம்பரைக் கோளாறு தென்கிழக்காசிய ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது, காய்ச்சல் நேரத்தில் தலைகாட்டும். இப்படிப்பட்ட மயக்கத்துக்கு அன்றைக்கே இசிஜி எடுக்க வேண்டும். வலி இல்லை, சில நிமிட வேலை. ஒரு முறை சரியாக வந்ததால் எல்லாம் முடிந்தது என்றும் ஆகாது; துடிப்பைத் தொடர்ந்து 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை டாக்டர் மாட்டச் சொல்லலாம்.

தண்ணீர்மலையில் நிற்கும்போது

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள், விரதம், தூக்கமில்லாத இரவு, நெரிசல், வெயில் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். பாதி உணவோடு முழு மாத்திரை சாப்பிடுவதும் ஆபத்து, தானாக நிறுத்துவதும் ஆபத்து. கண் இருட்டிக்கொண்டு வந்தால் ஓரம் வரைக்கும் போய்விடலாம் என்று நடக்காமல், நின்ற இடத்திலேயே உட்காருங்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டுத் தனியாகக் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், விழுந்தால் உள்ளே யாரும் வர முடியாது. உட்கார இடமே இல்லையென்றால் காலைப் பின்னி நின்று தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், இரண்டு கைகளையும் கோத்து எதிரெதிராக இழுங்கள். அழுத்தம் கொஞ்சம் ஏறும், உட்கார இடம் தேடச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

தெளிந்ததும் உடனே எழுந்து நிற்பதால் இரண்டாவது முறை விழுகிறவர்கள் நிறைய. பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்து, அப்புறம் உட்கார்ந்து, அதற்குப் பிறகு நிற்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவர் அதிலேயே வீட்டுக்குத் திரும்பக் கூடாது. காரணம் தெரியாத மயக்கம் வந்தவர் மறுநாள் காலையில் வேலைக்கென்று 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் தனியாக ஓட்டிக் கடப்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வண்டியை வீட்டில் வேறு யாராவது ஓட்டட்டும்.