ராஸ்பெர்ரி பையில் கோல்டன் சீட்டா: நேரத்தைத் தின்னும் தவறுகள்

கோல்டன் சீட்டா, சைக்கிள் பயிற்சித் தரவை அலசும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸுக்கு ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) கிடைக்கிறதே என்று இறக்கி, ராஸ்பெர்ரி பை (சுருக்கமாக 'பை') என்ற கையடக்கக் கணினியில் ஓட்டினால் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று ஒற்றை வரி வந்து நின்றுவிடும். உடனே பலரும் இயக்க அனுமதி கொடுப்பார்கள், நிர்வாகி உரிமையில் ஓட்டும் சூடோ போடுவார்கள், கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்குவார்கள். கோப்பில் பழுதில்லை. அது இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் எக்ஸ்86-64 கட்டளைகளால் ஆனது. பையில் இருப்பது ஆர்ம் சிப். 'ஃபைல்' கட்டளையை அந்த ஆப்இமேஜ் மீது ஓட்டினால் எந்தக் கட்டமைப்புக்கானது என்று சொல்லிவிடும்.

அடுத்த சறுக்கல், கட்டமைப்பின் பெயரைச் சொல்லும் 'யூநேம் -எம்' கட்டளை காட்டுவதை அப்படியே நம்புவது. பை 4-இல் இயக்க முறைமையின் மையமான கெர்னல் மட்டும் 64 பிட்டாக ஓட, மேலே உள்ள நிரல்கள் எல்லாம் 32 பிட்டாக இருக்கலாம். அப்போது யூநேம் 'ஏஆர்ச்64' (64 பிட் ஆர்ம்) என்றே சொல்லும். 'டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்' கேளுங்கள். 'ஆர்ம்எச்எஃப்' என்று வந்தால் 32 பிட். அதோடு மல்லுக்கட்டாமல் 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

எக்ஸ்86 கட்டளைகளை ஆர்முக்கு மாற்றித் தரும் பாக்ஸ்64 போன்ற மொழிமாற்றி வழியாக எக்ஸ்86 கோப்பையே ஓட்டலாமே என்ற யோசனை வரும். கோல்டன் சீட்டாவுக்குள் க்யூடி வெப்எஞ்சின் இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு குரோமியம் உலாவி. அதன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் ஓடும்போதே புதுக் கட்டளைகளை உருவாக்கும். அவற்றை பாக்ஸ்64 மறுபடி மாற்ற வேண்டும். இரட்டை வேலை. மூலநிரல் கையில் இருக்கும்போது இது தேவையில்லாத சுற்றுவழி.

ஆக, மூலநிரலை பையிலேயே கம்பைல் செய்வதுதான் (இயங்கும் நிரலாக மாற்றுவதுதான்) வழி. பெரும்பாலான தவறுகளும் இங்கேதான். 'ஜிசிகான்ஃபிக்.பிரி', 'க்யூடபிள்யூடிகான்ஃபிக்.பிரி' என்ற அமைப்புக் கோப்புகள் இரண்டும் மூலத்தில் '.இன்' என்ற வாலோடு இருக்கும். வாலை நீக்கிய பெயரில் நகலெடுக்காமல், கம்பைலுக்குத் தயார் செய்யும் க்யூமேக் கருவியை ஓட்டக் கூடாது. யாரோ லேப்டாப்பில் பயன்படுத்திய ஜிசிகான்ஃபிக்கைக் கொண்டுவந்து ஒட்டுவது அதைவிட மோசம். அதில் நூலகப் பாதை 'எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு' என்று இருக்கும். பையில் அது 'ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னு'. எக்ஸ்86 சிப்புக்கான '-எம்எஸ்எஸ்இ2' போன்ற கொடி (கம்பைலருக்கான குறிப்பு) ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் ஆர்ம் ஜிசிசி கம்பைலர் அதை ஏற்காமல் பிழை காட்டும். க்யூடி நூலகத்தின் 5, 6 பதிப்புகள் இரண்டும் கணினியில் இருந்தால், எது பயன்படும் என்று 'க்யூமேக் --வெர்ஷன்' பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

'மேக் -ஜே4' கொடுத்துவிட்டுத் தூங்கப் போனால் காலையில் 'கில்டு' என்ற சொல்தான் காத்திருக்கும். நிரலில் கோளாறில்லை, நினைவகம் தீர்ந்திருக்கும். நான்கு சி++ கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆவதை 2 ஜிபி பை தாங்காது. '-ஜே1' அல்லது '-ஜே2' போதும். நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் இடமான ஸ்வாப்பை 2 ஜிபிக்கு ஏற்றுங்கள். எஸ்டி கார்டில் கம்பைல் மணிக்கணக்கில் ஓடும். யூஎஸ்பி எஸ்எஸ்டி இருந்தால் கார்டுக்கும் ஆயுள் கூடும்.

கம்பைல் முடிந்து திரை திறந்தாலும் ஆன்ட் பிளஸ் டாங்கிள் (சென்சார்களின் கம்பியில்லாச் சமிக்ஞையை வாங்கும் யூஎஸ்பி கருவி) தெரியாமல் போகலாம். யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி'யில் 0எஃப்சிஎஃப்:1008 அல்லது 1009 என்று வந்தால் கருவி கண்ணில் பட்டுவிட்டது. சாதாரணப் பயனருக்கு அதைத் தொட அனுமதி இல்லை, அவ்வளவுதான். கருவி அனுமதிகளைக் கவனிக்கும் யூடெவ் அமைப்பின் விதியில் அந்த எண்களுக்கு அனுமதி எழுதி, டாங்கிளைக் கழற்றி மாட்டுங்கள். சோம்பல்பட்டு சூடோவில் ஓட்டினால் இரண்டு வினை. ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில், ஓட வெப்எஞ்சின் மறுக்கும். அதை எப்படியோ தாண்டினால், நிரல் ரூட்டின் முகப்பு அடைவில் புதுத் தரவு அடைவைத் திறக்கும். உங்கள் பழைய பயிற்சிகள் எல்லாம் மாயமானது போலத் தோன்றும், வீணாகப் பதறுவீர்கள்.

பயிற்சி நடுவே பவர் எண் பூஜ்ஜியத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஆன்ட் பிளஸ் பேசுவதும் அங்கேயேதான். பை 4-இல் நீலத் துளையை விட்டு, கறுப்புத் துளையில் 1 அல்லது 2 மீட்டர் நீட்டிப்பு கேபிள் போட்டு டாங்கிளை டிரெய்னர் பக்கத்தில் வையுங்கள். பழைய போன் சார்ஜரும் வேண்டாம். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர்.

லேப்டாப்பில் உள்ள தரவை ஒவ்வொன்றாக மறுபடி இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பயிற்சிகள் ஜேசன் உரைக்கோப்புகள், சிப் எதுவானாலும் ஒன்றுதான். வீரரின் அடைவை அப்படியே நகலெடுத்தால் போதும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு இருக்கட்டும். புதிய பதிப்பு மாற்றி எழுதிய அடைவைப் பழையதில் திறந்து பார்க்கும் விஷப்பரீட்சையை நகலில் மட்டும் செய்யுங்கள்.