மிஸ்ட் கூலன்ட்: பனிமூட்டம் அடங்கியது

அலுமினியம் மில்லிங்கில் (சுழலும் கட்டரால் செதுக்கும் வேலை) சீவல் 6 மி.மீ. எண்ட் மில் கட்டரிலேயே அப்பிக்கொண்டிருந்தது. கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, காற்றோடு பொடித்துளியாகத் தெளிக்கும் மலிவான மிஸ்ட் கிட் ஒன்றை மாட்டினேன். காற்றைத் திறந்தால் பத்து விநாடி வெறும் உஸ்ஸ். அப்புறம் அறை முழுக்கப் பனிமூட்டம், உதட்டில் எண்ணெய்ப் பிசுக்கு.

தாமதத்துக்குக் காரணம், கூலன்ட் பாட்டில் தரையில் இருந்ததுதான். காற்று நின்றதும் டியூபில் இருந்த கூலன்ட் கீழே இறங்கிவிடுகிறது. மீன்தொட்டிக்குப் போடும், ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை இடையில் சொருகினேன் (முதலில் தலைகீழாகத்தான்!). பாட்டிலை மேசைமேல் ஏற்றினேன், நாசிலுக்குச் சற்றுத் தாழ்வாக. நாசிலைவிட உயர்த்தி வைத்தால் தானாகவே ஒழுகும்.

மூட்டத்தைக் குறைக்கக் காற்றழுத்த ரெகுலேட்டரை 60 பிஎஸ்ஐயிலிருந்து 15க்கு இறக்கி, கூலன்ட் திருகையும் ஏறக்குறைய மூடினேன். இப்போது கட்டரில் பொடித்துளிகள் மட்டும் மினுங்குகின்றன, சீவல் பறந்துவிடுகிறது. ஆனாலும் ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறேன்.