பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள்: வெப்சாக்கெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தான் வெப்சாக்கெட்டில், அதாவது பிரவுசரும் சர்வரும் ஒரே இணைப்பைத் திறந்து வைத்து இருபக்கமும் பேசிக்கொள்ளும் முறையில், எழுதிய நேரலை டாஷ்போர்டைக் காட்டினார். செய்தி வந்ததும் திரை மாறியது. இணைப்பு அறுந்தால் இரண்டு விநாடி கழித்து மறுபடி இணைய நாலு வரி எழுதியிருந்தார். மூலையில், இணைப்பு இருக்கிறது என்று காட்டும் ஒரு பச்சைப் புள்ளி. 2016-ல் நான் எழுதிய நிரலும் இப்படியேதான் இருந்தது, அந்தப் புள்ளி உட்பட. அன்று அவரிடம் ஒரு மணி நேரம் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். வந்த ஜேசன் தகவலைப் பிரித்துப் படிப்பதில் வரும் பிழை, பக்கம் மாறும்போது சாக்கெட்டை (அந்த இணைப்பை) மூட மறப்பது போன்றவை எழுதிய முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். அவற்றுக்குள் நான் போகவில்லை.

இணைப்பு இருந்தால் தகவல் போய்விடும் என்று நினைப்பது

2016-ல் ஓர் உணவகத்துக்கு ஆர்டர் செயலி செய்துகொடுத்திருந்தோம். கவுண்டரில் போடும் ஆர்டர் சமையலறை டேப்லெட்டில் உடனே தெரிய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, அந்த டேப்லெட் நாற்பது நிமிடம் எதுவும் காட்டவில்லை. பச்சைப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஆர்டர் இல்லை என்று மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டார். கடைக்காரர் கோபப்படவில்லை. "தம்பி, வரலைன்னாகூடப் பரவாயில்ல. வரலைன்னு அது சொல்லியிருந்தா நாங்க பேப்பர்ல எழுதிக் குடுத்திருப்போம்ல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். கல்லாவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டர் கரண்ட் போய் மறுபடி எழுந்திருக்கிறது. சமையலறையில் இருந்தது தனி வைஃபை பெட்டி, அது அணையவில்லை. அதனால் டேப்லெட்டின் பார்வையில் எதுவுமே மாறவில்லை. ஆனால் எந்தத் தகவல் பாக்கெட்டை யாருக்குத் தள்ள வேண்டும் என்று ரவுட்டர் வைத்திருந்த கணக்கு அழிந்துவிட்டது. சர்வர் அனுப்பியதெல்லாம் வழியிலேயே போயிற்று. வெப்சாக்கெட் ஓடுவது டிசிபி என்ற அடிப்படை இணைய நெறிமுறை மீது. அறுந்துவிட்டது என்று யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும், அல்லது தானே எதையாவது அனுப்பிப் பதில் வராமல் போனால் தெரியும். எங்கள் டேப்லெட் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தது. மறுமுனை இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபியின் சொந்த கீப்அலைவ் இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அதை இயக்கினாலும், முதல் சோதனைக்கு இயல்பாக 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் காத்திருக்கும்.

வெப்சாக்கெட்டிலேயே "இருக்கிறாயா" என்று கேட்கும் பிங், "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும் பாங் உண்டு. ஆனால் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டால் பிங் அனுப்ப முடியாது, வந்த பிங்கைப் பார்க்கவும் முடியாது. பிரவுசரே பாங் சொல்லிவிட்டுப் போய்விடும். சர்வருக்கு இது போதும், திரைக்குப் போதாது. எனவே சர்வர் 20 விநாடிக்கு ஒருமுறை சாதாரணச் செய்தியாகவே ஒரு ஹார்ட்பீட் ("இருக்கிறேன்" என்ற சிறு செய்தி) அனுப்பட்டும். 45 விநாடி எதுவும் வராவிட்டால் புள்ளியைச் சிவப்பாக்கிவிட்டுப் புது இணைப்பு போடுங்கள். பழைய சாக்கெட்டை மூடச் சொல்லிவிட்டு, மூடிய செய்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூடுவதற்கும் மறுமுனையின் பதிலை அது எதிர்பார்க்கும், மறுமுனைதான் இல்லையே. அப்புறம், பின்னணியில் கிடக்கும் டேபில் பிரவுசர் டைமர்களை மெதுவாக்கிவிடும். டேப் மறுபடி முன்னால் வந்ததும் ஒருமுறை சரிபாருங்கள்.

இதை ஒரே இரவில் செய்து முடித்தோம். அடுத்த ஞாயிறு மறுபடி இரண்டு ஆர்டர் காணாமல் போயின.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் அறுந்ததைக் கண்டுபிடித்தோம், மறுபடி இணைந்தோம், புள்ளி சிவப்பாகிப் பச்சையானது, எல்லாம் சரி. ஆனால் அந்த நாற்பது சொச்சம் விநாடியில் வந்த ஆர்டர்கள்? சர்வர் அவற்றைச் செத்த சாக்கெட்டில் எழுதி முடித்துவிட்டது. புது இணைப்பு புதிதாக வருவதை மட்டும்தான் கேட்கும். 2011 டிசம்பரில் வந்த, வெப்சாக்கெட்டின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 6455 ஆவணம் ஒரே இணைப்புக்குள் செய்திகள் வரிசை மாறாமல் வரும் என்பதோடு நின்றுகொள்கிறது. ஓர் இணைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் விழுந்ததை யார் எடுத்துத் தருவது என்பது முழுக்க நம் பொறுப்பு. செண்ட் கட்டளையை அழைத்தேன், பிழை வரவில்லை என்றால் செய்தி அனுப்பும் வரிசையில் நின்றது என்றுதான் அர்த்தம். போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை.

வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் வரிசை எண் கொடுத்து டேட்டாபேஸில் வையுங்கள். இணைந்ததும் டேப்லெட் "என்னிடம் 118 வரை இருக்கிறது" என்று சொல்லட்டும். சர்வர் 119-லிருந்து கொடுக்கட்டும். முதன்முறை திறக்கும்போது பட்டியலை எடுத்துவிட்டு அப்புறம் சாக்கெட்டைத் திறக்காதீர்கள், அந்த இடைவெளியிலும் ஆர்டர் விழும். முதலில் சாக்கெட்டைத் திறந்து, வருவதை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பிறகு பட்டியலை எடுத்து, பட்டியலின் கடைசி எண்ணுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு குழி உண்டு. அதில் விழுந்து எழ எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. டேட்டாபேஸ் தானாக ஏற்றித் தரும் எண்ணை வரிசை எண்ணாக வைத்திருந்தோம். முதல் கவுண்டர் 41-ஐ வாங்குகிறது, இரண்டாவது கவுண்டர் 42-ஐ வாங்குகிறது. 42 முதலில் கமிட் ஆகிவிடுகிறது, அதாவது டேட்டாபேஸில் நிலையாகப் பதிவாகிவிடுகிறது. டேப்லெட் 42-ஐக் காட்டுகிறது. அந்த நொடியில் இணைப்பு அறுகிறது. திரும்பி வந்து "42-க்கு மேல் கொடு" என்கிறது. 41 சமையலறைக்கு வரவே வராது. டேட்டாபேஸில் அந்தக் கடைக்கான பதிவைப் பூட்டி, ஆர்டரைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் எண்ணை ஏற்றிய பிறகுதான் இது நின்றது. ஒரு கடைக்கு நிமிடத்துக்குச் சில ஆர்டர்தான், அந்தப் பூட்டால் வேகம் குறையவில்லை.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். கவுண்டர் அனுப்பிய ஆர்டருக்குப் பதில் வரவில்லை என்றால் திரும்ப அனுப்பத்தான் வேண்டும். அதனால் ஆர்டருக்கான அடையாள எண்ணைக் கவுண்டரே உருவாக்கி அனுப்பட்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் "வாங்கிவிட்டேன்" என்று மட்டும் சொல்லட்டும். இல்லாவிட்டால் ஒருவர் கேட்ட பிரியாணியை மாஸ்டர் இரண்டு தடவை போடுவார்.

எல்லோரும் ஒரே நொடியில் திரும்புவது

புதியவர் எழுதியிருந்த அந்த "இரண்டு விநாடி கழித்து" பத்துப் பேருக்குச் சரி. சில ஆயிரம் பேர் இணைந்திருக்கும்போது சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், சரியாக இரண்டாவது விநாடியில் அத்தனை பேரும் வந்து லாகினைச் சரிபார்க்கச் சொல்வார்கள். டேட்டாபேஸ் திணறும், சர்வர் மறுபடி விழும், இரண்டு விநாடி கழித்து மறுபடி வருவார்கள். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள், 30 விநாடியில் நிறுத்துங்கள். அதில் ஆளுக்கு ஆள் மாறும் ஒரு ரேண்டம் எண்ணைக் கலந்துவிடுங்கள். இணைந்தவுடனே நேரத்தைப் பழையபடி குறைக்காதீர்கள், அரை நிமிடமாவது இணைப்பு நிலைக்கட்டும்.

ஆரிஜினைப் பார்க்காமல் கதவைத் திறப்பது

பிரவுசரின் சாதாரண ஃபெட்ச் கோரிக்கைக்கு இருக்கும் கார்ஸ் பாதுகாப்பு (பதிலை வேறு தளத்தின் பக்கம் படிக்கச் சர்வரின் அனுமதி கேட்பது) வெப்சாக்கெட்டுக்குக் கிடையாது. வேறொரு தளத்தில் உள்ள பக்கம் உங்கள் சர்வருக்குச் சாக்கெட் திறக்கலாம். பிற தளங்களிலிருந்து குக்கி போவதைத் தடுக்கும் சேம்சைட் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பயனரின் குக்கியும் கூடவே வரலாம். இணைப்பை ஏற்கும் 101 என்ற பதிலைச் சொல்வதற்கு முன், கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் ஹெட்டரைப் பாருங்கள். உங்கள் தளம் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள்.

டோக்கனை முகவரியில் ஒட்டுவது

பயனர் யார் என்று காட்டும் டோக்கனை இணைப்பு முகவரியில் சேர்த்தால், அது அப்படியே சர்வர் லாகில் பதிவாகும். முதல் செய்தியாக அனுப்புங்கள்.

சரியாக 60 விநாடியில் அறுவது

உங்கள் நிரலில் தேடாதீர்கள், சர்வருக்கு முன்னால் நின்று இணைப்புகளைக் கடத்தும் என்ஜின்எக்ஸின் இயல்பான காத்திருப்பு நேரம் அது. 20 விநாடி ஹார்ட்பீட் இருந்தால் இது வராது.

ஒரு பக்கப் பேச்சுக்கும் வெப்சாக்கெட்

சர்வர் மட்டும்தான் பேசப்போகிறது என்றால் சர்வர் செண்ட் ஈவென்ட்ஸ் என்ற முறை போதும். பிரவுசரே மறுபடி இணைந்துகொள்ளும், கடைசியாக வாங்கிய நிகழ்வின் எண்ணையும் தானே சர்வரிடம் சொல்லும். பழைய எச்டிடிபி 1.1-ல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்பு என்ற வரம்பு இடிக்கும், எச்டிடிபி 2-ல் அந்தத் தொல்லை இல்லை. அந்தச் சமையலறைத் திரையை இன்று செய்யச் சொன்னால் இதில்தான் செய்வேன். சமையலறையில் அழுத்தும் "தயார்" பொத்தானுக்கு ஒரு சாதாரண போஸ்ட் கோரிக்கை. ஹார்ட்பீட்டும் வரிசை எண்ணும் அப்போதும் வேண்டும்.