ஹேவ்லாக்கில் அட்வான்ஸ்டு டைவிங் கோர்ஸ்: விடுமுறையில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

'அட்வான்ஸ்டு' என்ற பெயரைக் கேட்டு இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். சிலர், அது நமக்கெல்லாம் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர், அதை முடித்துவிட்டால் பெரிய டைவர் ஆகிவிடுவோம் என்று நம்புகிறார்கள். இரண்டும் தப்பு. ஸ்கூபா டைவிங் பயிற்சி தரும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் (பேச்சு வழக்கில் 'பாடி') அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் கோர்ஸில் மொத்தமே ஐந்து டைவ்தான். எழுத்துத் தேர்வு கிடையாது. அதற்கு முந்தைய ஓப்பன் வாட்டர் கோர்ஸில் கடலில் நான்கு டைவ். அதை முடித்த மறுநாளே இதில் சேரலாம். அப்படியானால், வாழ்க்கையில் ஒன்பதே முறை கடலுக்குள் இறங்கியவர் கையிலும் அட்வான்ஸ்டு அட்டை இருக்கும்.

நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்த அட்டையை அல்ல. பக்கத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்டரை வைத்துக்கொண்டு செய்யும் ஐந்து டைவ்களை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தில் ஒன்றையோ இரண்டையோ வீணடிக்கிறவை. சில தவறுகள் உடம்பையே கெடுக்கும்.

அந்தமானிலுள்ள ஹேவ்லாக் தீவை எடுத்துக்கொள்கிறேன். 2018 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்வராஜ் த்வீப். போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் பழைய பெயர்களே ஓடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சத்தில் போர்ட் பிளேர், அங்கிருந்து படகு. ஓப்பன் வாட்டர் அட்டைக்கு 18 மீட்டர்தான் எல்லை. அங்கே எல்லோரும் பேசும் டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானீஸ் கார்ஜ் போன்ற இடங்களின் நல்ல பகுதி அதற்கும் கீழே இருக்கிறது. அட்வான்ஸ்டு எல்லை 30 மீட்டர். அதனால்தான் ஹேவ்லாக் போகிறவர்களுக்கு இந்தக் கோர்ஸ் மேல் ஆசை வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரையோரமாக இன்ஸ்ட்ரக்டர் டேங்கைப் பிடித்தபடி அழைத்துப்போய், அரை மணி நேரம் மீன் காட்டி, போட்டோ எடுத்துக் கொடுப்பார்களே, அது அனுபவ டைவ். அதை எத்தனை முறை செய்திருந்தாலும் சான்றிதழாகாது. ஓப்பன் வாட்டர் இல்லாமல் அட்வான்ஸ்டு இல்லை.

பழைய அட்டையை நம்பிப் போவது

இது நான் செய்த தவறு. புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் முடித்து ஒன்றே முக்கால் வருடம் கழித்து ஹேவ்லாக் போனேன். அட்டைக்குக் காலாவதித் தேதி இல்லை, கைப்பழக்கத்துக்கு உண்டு. "எவ்வளவு வெயிட் போடுவீர்கள்?" என்று கேட்டார் இன்ஸ்ட்ரக்டர். தண்ணீரில் அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயத்தைச் சொல்கிறார். ஒவ்வொரு டைவையும் குறித்துவைக்கும் லாக் புத்தகம் சென்னையில் அலமாரியில். எட்டு கிலோ என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவரும் கொடுத்துவிட்டார்.

இறங்கியதும் கல்லைக் கட்டிப் போட்டதுபோல் கீழே போனேன். பயந்து பிசிடியில் (மிதக்க உதவும் காற்றடைத்த ஜாக்கெட்) காற்றை அடித்தேன், மேலே கிளம்பினேன், காற்றை விட்டேன், மறுபடி கீழே. இப்படியே லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கி, 25 நிமிடத்தில் டேங்கின் காற்றழுத்தம் 50 பாருக்கு வந்துவிட்டது. என் ஐந்தில் முதல் டைவ் அது. என்ன மீன் பார்த்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கடைசி டைவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால் கோர்ஸுக்கு முந்தின நாள் ஒரு ரிஃப்ரெஷர் டைவ் போட்டுவிடுங்கள். அதில் மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவதையும், வாயில் கவ்வி மூச்சு விடும் ரெகுலேட்டரைத் தேடி எடுப்பதையும் செய்து பாருங்கள். வெயிட்டைச் சரிபார்க்கவும் அதுதான் நேரம். பிசிடியில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சை உள்ளே பிடித்தபடி நின்றால் நீர்மட்டம் கண்ணளவுக்கு வர வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த டேங்கோடு இதைச் செய்தால் சுமார் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். டைவ் முடியும்போது டேங்கிலிருக்கும் காற்றின் எடை அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். கூட்டாவிட்டால் அப்போது, மேலே வருமுன் சில நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பில் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுவீர்கள்.

ஐந்தை யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது

ஐந்தில் இரண்டு கட்டாயம்: ஆழ டைவ், நேவிகேஷன். மீதி மூன்றை நாம் தேர்ந்தெடுக்கலாம். மூழ்கிய கப்பலைப் பார்க்கும் ரெக், நீரோட்டத்தோடு போகும் ட்ரிஃப்ட், மீன் அடையாளம், போட்டோ, நீருக்கடி ஸ்கூட்டர் என்று பட்டியல் நீளும். எந்த மூன்று கிடைக்கும் என்பது கடையையும் இடத்தையும் பொறுத்தது. விடுமுறை மனநிலையில் கை நேராகப் போட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும்தான் போகும்.

என்னைக் கேட்டால் பாய்ன்சி டைவை முதலில் எடுங்கள். கையைக் காலை ஆட்டாமல், மூச்சை வைத்தே நின்ற இடத்தில் நிற்கப் பழகும் டைவ் அது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் மற்ற நான்கும் நன்றாக அமைவதும் சொதப்புவதும் அதைப் பொறுத்துத்தான். அதுவும் ஆழ டைவுக்கு முன்பே வர வேண்டும். படகு போகும் இடத்துக்குத் தகுந்தபடி வரிசையை மாற்றச் சில கடைகள் பார்க்கும். முதல் நாள் காலையிலேயே 30 மீட்டர் என்று சொன்னால், பாய்ன்சியை முதலில் வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

பாய்ன்சி வராத கையில் கேமரா இருந்தால் பவளத்துக்குத்தான் கேடு. திரையைப் பார்த்துக்கொண்டே காலில் மாட்டிய ஃபின்னால் பவளத்தை உதைக்கிறவர்கள் நிறையப் பேர். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறைகள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உடைந்து கிடக்கும் துண்டுதானே என்று பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

30 மீட்டரைத் தொட்டே தீருவேன் என்பது

18 மீட்டருக்குக் கீழே, 30-க்குள் எங்கே முடித்தாலும் ஆழ டைவ்தான். அன்றைய நீரோட்டம் சரியில்லை என்று இன்ஸ்ட்ரக்டர் 24-இல் நிறுத்தினால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் திரையில் '30.0' வர வேண்டும் என்பதற்காகக் கடைசி இரண்டு மீட்டருக்குத் தனியாக முக்குளிக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆழத்தில் டேங்க் காற்று எப்படித் தீர்கிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆசை கொஞ்சம் அடங்கும். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் அங்கே 80 லிட்டர் செலவழிப்பார். வழக்கமான 11 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பார் நிரப்பி 50 பாரை ஒதுக்கிவைத்தால் கையில் இருப்பது சுமார் 1,650 லிட்டர். அதாவது 20 நிமிடம் மட்டும், அதுவும் இறங்க ஏற எதுவும் ஒதுக்காமல். அதே ஆள் 10 மீட்டரில் 40 நிமிடம் இருந்திருப்பார். உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிட்டு எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் பி.ஏ.டி.ஐ. அட்டவணையும் 18 மீட்டரில் 56 நிமிடம் தரும். 30-இல் 20 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும். அதனால் இங்கே காற்று மானியைப் பார்ப்பது இன்ஸ்ட்ரக்டர் கேட்கும்போது மட்டும் செய்யும் வேலை அல்ல.

அப்புறம் போதை. அழுத்தத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். 30 மீட்டரை ஒட்டிப் பலருக்கு அது தெரிய ஆரம்பிக்கும். மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை சிலேட்டில் சின்னக் கணக்குப் போடச் சொல்வார்கள். எனக்குக் கீழே மூன்று மடங்கு நேரம் பிடித்தது, ஆனால் வேகமாகப் போட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே நடக்கும் தவறு, மறைப்பது. தலை லேசாக இருக்கிறது, காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது, பயமாக இருக்கிறது, எதுவானாலும் கையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். சில மீட்டர் மேலே வந்தாலே தெளிந்துவிடும். கம்ப்யூட்டரும் ஆளுக்கு ஒன்று வேண்டும். நண்பருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்பது சரிப்படாது. இருவரும் ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருப்பதில்லை.

நேவிகேஷன் பற்றிச் சுருக்கமாக. வழிகாட்டியின் ஃபின்னையே பார்த்துக்கொண்டு பின்னால் போவதுதான் சுற்றுலா டைவரின் பழக்கம். அதை உடைக்கத்தான் இந்த டைவ். திசைகாட்டியைச் சாய்க்காமல் நேராகப் பிடிப்பதையும், சதுரம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருவதையும் ஊரில் மொட்டைமாடியிலேயே பழகலாம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலடி எண்ணி நடங்கள். பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும்.

புரியாமலே தலையாட்டுவது

போர்ட் பிளேரில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். ஹேவ்லாக் வங்காளிகள் குடியேறிய தீவு. டைவ் கடைகளில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும். படகுச் சத்தத்துக்கு நடுவே வேகமாக ஓடும் விளக்கத்தில் பாதி புரியாமல் தலையாட்டிவிட்டு, 20 மீட்டர் ஆழத்தில் இன்ஸ்ட்ரக்டர் காட்டும் சைகைக்கு முழிப்பவர்கள் உண்டு. மறுபடி சொல்லச் சொல்வதில் வெட்கம் எதற்கு? பாடங்களை ஆன்லைனில் முன்கூட்டியே படிக்கலாம். அதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். தீவில் சாயங்காலம் உட்கார்ந்து படிப்பேன் என்று சொன்னவர் யாரும் படித்ததில்லை.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? ஐந்து டைவும் அதே ஆள்தானா? கோர்ஸுக்கு வந்தவர்களைச் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்களோடு சேர்த்து இறக்குவார்களா? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? விதிப்படி எட்டுப் பேர் வரை அனுமதி உண்டு. நான்குக்கு மேல் போனால் நான் வேறு கடை பார்ப்பேன். பெயரையும் கவனியுங்கள். இன்னொரு பயிற்சி அமைப்பான எஸ்.எஸ்.ஐ.-இல் இதே ஐந்து டைவ் கோர்ஸுக்கு 'அட்வான்ஸ்டு அட்வெஞ்சரர்' என்று பெயர். அவர்களுடைய 'அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் டைவர்' வேறு. அதற்கு நான்கு சிறப்புப் பயிற்சிகளும் 24 டைவும் வேண்டும்.

உடம்பு பற்றிப் பொய் சொல்வது

சேரும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, காது அறுவைச் சிகிச்சை என்று எதற்காவது 'ஆம்' போட்டால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். தீவில் டாக்டரைத் தேடி அலைய வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்கள் அதிகம். படிவத்தை இணையத்திலிருந்து எடுத்து, ஊரிலேயே டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிப் போனால் தீர்ந்தது.

சளி இருந்தால் இறங்காதீர்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது இன்னும் மோசம். கீழே இருக்கும்போது மருந்து தீர்ந்தால் ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது அடைத்து வலிக்கும். பயணக் காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். ஸ்கூபாவையே சேர்க்காதவை உண்டு, ஆழ வரம்பு வைப்பவையும் உண்டு. அழுத்தம் குறையும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழி விடுவதால் வரும் டீகம்ப்ரஷன் நோய்க்கான அழுத்த அறை ஹேவ்லாக்கில் இல்லை. போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுவில் கடல் இருக்கிறது.

நாட்களை நெருக்கிப் போடுவது

கோர்ஸை இரண்டு நாளில் முடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. ஹேவ்லாக்கில் படகுகள் விடிகாலையில் கிளம்பி, இரண்டு டைவ் முடித்து மதியத்துக்குள் திரும்புவது வழக்கம். ஐந்தை இரண்டு நாளில் அடைத்தால் ஒரு நாள் மூன்று டைவ் வரும். மூன்று நாள் வையுங்கள். கடல் கொந்தளித்தால் டைவும் நிற்கும், படகும் நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் கோர்ஸுக்கென்று போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது திரும்பும் விமானம். மேலே பறக்கும்போது அழுத்தம் குறைவதால் அதே டீகம்ப்ரஷன் நோய் வரலாம். பல நாள் பல டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. 24 என்று வைத்துக்கொள்வது நல்லது. மாலை நான்கு மணிக்குக் கடைசி டைவ், மறுநாள் காலை எட்டு மணிக்கு விமானம் என்றால் 16 மணி நேரம்தான். தூங்கி எழுந்ததால் ஒரு நாள் போனதுபோல் தோன்றும், கணக்கு அப்படி இல்லை. ஆகவே டைவை முதலில் முடித்துவிட்டு, ராதாநகர் கடற்கரையையும் செல்லுலார் சிறையையும் கடைசி நாளுக்கு வையுங்கள். பலர் நேர்மாறாகத்தான் போடுகிறார்கள், பயண ஏஜென்டுகளும் அப்படியே போட்டுக் கொடுக்கிறார்கள்.

ஒவ்வொரு டைவ் முடிந்ததும் படகிலேயே, ஈரக் கையோடு இருந்தாலும், லாக் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்: என்ன சூட், எந்த டேங்க், எத்தனை கிலோ, எத்தனை பாரில் இறங்கி எத்தனையில் ஏறினீர்கள். என்னுடையதில் இப்போது முன்னட்டையிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது: கடல் நீர், 3 மி.மீ. சூட், அலுமினிய டேங்க், 5 கிலோ.