எலக்ட்ரிக் டங் ஜாக்கி வாங்கப் போகிறீர்களா? பவுண்டை விடுங்கள், முதலில் இன்ச்சை அளந்து பாருங்கள்

ட்ராவல் ட்ரெய்லர், அதாவது பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டி, வாங்கிய முதல் கோடையில் எல்லோருக்கும் அப்படி ஒரு நாள் வரும். கேம்ப்கிரவுண்டில் உச்சி வெயில், குழந்தைகள் பசி பசி என்று கத்துகிறார்கள், நாம் குனிந்து நின்று ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து சைட்காரர் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் வண்டி தானாக மேலே போகிறது. அன்றைக்கு ராத்திரியே போனைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட எலக்ட்ரிக் ஜாக்கிக்கு ஆர்டர் போட்டுவிடுவோம். டெக்சஸில் இருக்கும் நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த இரண்டு வருஷத்தில் இதில் செய்யக்கூடிய தவறுகளில் பாதிக்கு மேல் செய்து முடித்தேன்.

இது என்ன சாமான் என்று தெரியாதவர்களுக்கு: மாட்டு வண்டியில் மாட்டை அவிழ்த்துவிட்டால் முன்பக்கம் தரையில் சாயாமல் இருக்க நுகத்தடிக்கு ஒரு முட்டுக் கொடுப்பார்கள் இல்லையா, அந்த முட்டுதான் இது. ட்ரெய்லரின் முன்னால் இரும்புச் சட்டம் கூம்பிக்கொண்டு வரும், அதற்குத்தான் டங் என்று பெயர். அதன் நுனியில் இருக்கும் கப்ளர் என்ற பூட்டு, பிக்கப்பின் பின்னால் இருக்கும் ஹிட்ச் குண்டின் மேல் உட்காரும். ஜாக்கி அந்த நுனியைத் தூக்கினால் வண்டி கழலும், இறக்கினால் மாட்டும். எலக்ட்ரிக் ஜாக்கி என்றால் கைப்பிடிக்குப் பதிலாக 12 வோல்ட் மோட்டார், அவ்வளவுதான்.

கடைப்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 3500 பவுண்டு, 4500 பவுண்டு, 5000 பவுண்டு என்ற எண்கள். "என் வண்டி 6000 பவுண்டு ஆயிற்றே, 3500 எப்படித் தாங்கும்?" என்று பயப்படுகிறவர்கள் நிறைய பேர். ஜாக்கி முழு வண்டியைத் தூக்குவதில்லை. சாமான் ஏற்றிய வண்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் நுனியில் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 6000 பவுண்டு வண்டிக்கு அது 600 முதல் 900 வரை. அப்படியானால் இருப்பதிலேயே சின்ன ஜாக்கி போதுமே என்று தோன்றும், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. நுனியின் பளுவைப் பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வைத்திருந்தால், கப்ளரைப் பூட்டிய பிறகு ஜாக்கியால் இன்னும் மேலே தூக்குவோம், பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பும், அப்போதுதான் அந்த ஹிட்ச்சின் ஸ்ப்ரிங் பார்கள் என்ற கம்பிகளைச் சிரமமில்லாமல் மாட்ட முடியும். அந்த நேரத்தில் நுனியின் எடையோடு பிக்கப்பின் எடையிலும் ஒரு பங்கை ஜாக்கி தாங்குகிறது. என் கணிப்பில் நடுத்தர வண்டிக்கு 3500 தாராளம், 30 அடிக்கு மேல் கனமான வண்டி என்றால் 4500, 5000 பக்கம் போகலாம். எண்ணைப் பற்றி இதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கவிழ்த்தது இந்த எண் இல்லை.

கவிழ்த்தது நீளம்.

டெக்சஸில் ஹில் கன்ட்ரி என்கிற மேடுபள்ளமான பகுதியில் ஒரு கேம்ப்கிரவுண்ட். வண்டி நிறுத்த ஒதுக்கிய சைட், சாலையை விடத் தாழ்வு, இரண்டும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம். பின்னால் எடுத்து எடுத்து ஒருவழியாக நிறுத்தினால், ஜாக்கியின் கால் சரியாக அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே. பொத்தானை அழுத்தினேன். கால் இறங்கிக்கொண்டே போனது, தரையைத் தொட்டது, வண்டி லேசாக எழும்பியது, அப்புறம் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். 18 இன்ச்சும் முடிந்துவிட்டது. கப்ளர் இன்னும் குண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, ஒரு இன்ச்சுக்கும் குறைவாகத்தான் பாக்கி. கடைசியில் எதிர் சைட்டில் இருந்த ஒரு பாட்டி தன் விறகிலிருந்து இரண்டு தட்டையான கட்டைகளைக் கொடுத்தார், அதை அடியில் வைத்துத்தான் கழற்றினேன்.

ஆகவே வாங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். வண்டியைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, ஜாக்கி உட்காரும் தட்டிலிருந்து தரை வரை அளந்து எழுதி வையுங்கள். ஜாக்கி முழுசாக நீண்டால் தட்டுக்குக் கீழே எவ்வளவு வரும் என்பது விவரப் பட்டியலில் இருக்கும். அது நீங்கள் அளந்ததை விடக் குறைந்தது அரை அடியாவது கூட இருக்க வேண்டும், ஏனென்றால் குண்டைத் தாண்டித் தூக்கவும் வேண்டும், சரிவான இடத்தில் மூக்கை உயர்த்தி மட்டம் பார்க்கவும் வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் இரண்டு நீளம் உண்டு. மோட்டார் ஓடி நீளுவது ஒன்று. குறுக்கே செருகியிருக்கும் பூட்டு ஊசியை உருவிக் கையால் இழுத்து இறக்கும் உள்கால் இன்னொன்று. சில விளம்பரங்களில் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவார்கள், பிரித்துப் பார்க்க வேண்டும். உள்கால் உள்ளதை வாங்குங்கள் என்பேன், மோட்டார் ஓடும் நேரம் குறையும். ஆனால் ஊசி முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடையை ஏற்ற வேண்டும்.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே நீளமானதை வாங்கிவிடலாமா? கூடாது. முழுசாகச் சுருங்கிய பிறகும் கீழே தொங்கும் பகுதி ஒன்று இருக்கும். பெட்ரோல் பங்கில் நுழையும்போது, வீட்டு டிரைவ்வேயில் ஏறும்போது அதுதான் முதலில் தரையில் உரசும். ஒரு தடவை நன்றாக இடித்துக் குழாய் வளைந்துவிட்டால் அப்புறம் எந்த மோட்டாராலும் அதை உள்ளே இழுக்க முடியாது. என்ன வாங்கினாலும் சரி, இரண்டு மரக்கட்டைகள் வண்டியிலேயே இருக்கட்டும். கால் எவ்வளவு குறைவாக நீளுகிறதோ அவ்வளவுக்கு வண்டி ஆடாமலும் நிற்கும்.

கீழே அளந்தாயிற்று, மேலேயும் அளக்க வேண்டும். பழைய கை ஜாக்கியின் தலை சின்னது. எலக்ட்ரிக் ஜாக்கியின் தலை ஒரு டப்பா மாதிரி நிமிர்ந்து நிற்கும். வண்டியை மாட்டிய நிலையில் பிக்கப்பின் டெயில்கேட்டை, அதாவது கீழ்நோக்கித் திறக்கும் பின்கதவை, திறந்தால் அது நேராக இந்தத் தலையில் போய் உட்காரும். என் டெயில்கேட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சொட்டை இருக்கிறது, செய்தவன் நான்தான், பழி போட ஆள் இல்லை. சாவியில் பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் டெயில்கேட் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்படியே புரொப்பேன் சிலிண்டர் மூடியைக் கழற்ற இடம் இருக்கிறதா, அவசரத்துக்குக் கைப்பிடி போட்டால் எதிலும் இடிக்காமல் சுற்ற முடியுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

பொருத்தும் துளைகள் பெரிய விஷயமில்லை. சட்டத்தில் நடுவே ஒரு பெரிய ஓட்டை, சுற்றி முக்கோணமாக மூன்று போல்ட் ஓட்டைகள் என்பதுதான் வழக்கம். ஜாக்கியின் குழாய் பெரும்பாலும் இரண்டேகால் இன்ச் விட்டம். பழைய வண்டிகளில் நடு ஓட்டை சின்னதாக இருக்கலாம், பழைய ஜாக்கியையே பற்றவைத்திருக்கவும் செய்யலாம், ஆர்டர் போடும் முன் குனிந்து ஒரு தடவை பாருங்கள். பழையதைக் கழற்றும் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, டங்குக்கு அடியில் கனமான ஸ்டாண்டு கொடுத்துவிட வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இனி வயர். "ஜாக்கி ஆறே மாதத்தில் போய்விட்டது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பளுவைத் தூக்கும்போது இந்த மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும், அதனால்தான் பெரும்பாலானவற்றுக்கு 30 ஆம்ப் ஃபியூஸ் போடச் சொல்கிறார்கள். விளக்குக்குப் போகும் ஒல்லி வயரிலிருந்து ஒட்டு எடுத்தால் வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும், மோட்டார் முனகும், வயர் சூடாகும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராகத் தனி வயர் இழுங்கள், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 10 கேஜ் வயர் நல்லது. கேஜில் எண் கூடக் கூட வயர் மெலியும், கடையில் 16 என்பதைப் பார்த்து இது 10-ஐ விடத் தடிமன் என்று வாங்கி வந்த நண்பர் எனக்கு உண்டு.

நெகட்டிவ் பக்கம் இன்னும் குறும்பானது. பல மாடல்களில் நெகட்டிவுக்கு என்று வயரே இருக்காது, ஜாக்கியின் உடம்பும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் ட்ரெய்லர் சட்டமும்தான் வழி. சட்டத்திலோ பளபளவென்று கறுப்புப் பெயின்ட், கரண்ட் எப்படிப் போகும்? என்னுடையது முதல் நாள் ஒரு இன்ச் ஏறிவிட்டு நின்றது. மோட்டாரைத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டிவிட்டேன், அப்புறம்தான் ஒரு போல்ட்டின் அடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கினேன். கும்மென்று ஏறியது. தேய்த்த இடத்தில் துரு ஏறாமல் சுற்றிலும் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.

பேட்டரி இல்லாவிட்டால் இது வெறும் இரும்புத் தூண், இதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர் மாநிலங்களில் பனிக்காலத்துக்குப் பேட்டரியைக் கழற்றி வைப்பார்கள், அல்லது புரொப்பேன் கசிவு அலாரம் மாதிரியானவை மாசக்கணக்கில் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி அதைக் காலி செய்துவிடும். வசந்தத்தில் வண்டியை எடுக்கப் போனால் முதலில் தேவைப்படுவதே ஜாக்கிதான். அதற்காகத்தான் பெட்டியில் ஒரு கைப்பிடி கொடுக்கிறார்கள், நாம் அதை கராஜில் எங்கேயோ போட்டுவிடுவோம். தலையில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும், அதைக் கழற்றிக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். டிரில் போட்டுச் சுற்றலாமே என்று தோன்றும், கையேட்டில் சரி என்று சொல்லியிருந்தால் ஒழிய வேண்டாம், உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிடும். அந்த ரப்பர் மூடியைத் தொலைத்தாலும் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

ரிமோட், ஆப், தானாக மட்டம் பிடிப்பது என்றெல்லாம் வருகிறது. எனக்கு அதில் மயக்கமில்லை, ஏனென்றால் தூக்கும்போது பக்கத்தில் நின்று கப்ளரையும் காலையும் கண்ணால் பார்க்க வேண்டும், பத்தடி தள்ளி நின்று செய்கிற வேலை இல்லை இது. விளக்கு மட்டும் அவசியம், இருட்டிய பிறகு போய்ச் சேருகிற நாட்களில் அதன் அருமை தெரியும். மிச்சக் காசில் தலைக்கு ஒரு உறை வாங்குங்கள், வெயிலிலும் மழையிலும் முதலில் கெடுவது பொத்தான்தான்.

பொருத்தி முடித்ததும் வீட்டு வாசலிலேயே ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பிடியால் மட்டுமே வண்டியைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, திரும்ப மாட்டிப் பாருங்கள். எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, இரண்டு நாள் தோள் வலி. அன்றிலிருந்து கைப்பிடி ட்ரெய்லர் கதவை ஒட்டி ஒரு ஆணியில் தொங்குகிறது.