மேட்டில் மட்டும் கொதித்த வேன்

தலவாக்கலையில் இருந்து நானுஓயாவுக்கு ஏறும்போதெல்லாம் எங்கள் பழைய டொல்பின் வேனின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டரில் தினமும் அரை லீற்றர் குறையும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. மூடியை மாற்றினேன், சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும் என்று கராஜில் பயமுறுத்தினார்கள். நான்கு நாள் வீண்.

ஐந்தாம் நாள் விடியற்குளிரில், ஸ்டார்ட் பண்ணாமலே, எஞ்சினுக்கு மேலிருக்கும் சீட்டைத் தூக்கி டோர்ச் அடித்தேன். வாட்டர் பம்பின் தண்டுக்குக் கீழே ஒரு சிறு துளை, அதிலிருந்து துருநிறக் கோடு. உள்சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியேறட்டும் என்று வைத்த துளை அது. எஞ்சின் சூட்டில் கசிவு உடனே காய்ந்திருக்கிறது. அடைத்துவிடலாமே என்றான் தம்பி. அடைத்தால் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகும்.

புது பம்ப் பூட்டினேன். போல்ட்டுகளின் நீளம் வேறு வேறு என்பதால், அட்டையில் பம்பை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டவே ஒரு மணி நேரம்.

அப்புறமும் முள் ஏறியது! தண்ணீர் ஓடும் வழிக்குள் காற்று அடைபட்டிருந்தது. எஞ்சின் நன்றாக ஆறியதும் மூடியைக் கழற்றி, வேனின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி (எங்கள் ஊரில் மேட்டுக்கா பஞ்சம்), ஹீட்டரைத் திறந்து ஓடவிட்டேன். குமிழி நின்றதும் நிரப்பி மூடினேன். நேற்று நானுஓயா வரை முள் பாதியைத் தாண்டவில்லை.