என்எம்எம்எஸ் எக்ஸாம்: எட்டாவது படிக்கிற பசங்களுக்கு, மொதல்ல இருந்து

என்எம்எம்எஸ்னா எட்டாவது படிக்கிறப்ப எழுதற மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரீட்சை. போன வாரம் பாலக்கோடு பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தேன், இதைப் பத்தி பேச்சு வந்தப்ப ஒரு அக்கா, "தம்பி, அது மூளைக்காரப் பசங்க எழுதற பரீட்சையாமே, நம்ம பையன் எழுதி என்னா ஆவப்போவுது"ன்னாங்க. என் தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் சொல்லிக் குடுத்தேன், அதை வச்சு எழுதறேன்.

ஸ்டெப் 1: எழுத முடியுமான்னு பாருங்க

அரசுப் பள்ளி இல்ல அரசு உதவி பெறும் பள்ளில எட்டாவது படிக்கணும், வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், ஏழாவதுல 55 சதவீதம் (எஸ்சி, எஸ்டின்னா 50) எடுத்திருக்கணும். ஃபார்ம் ஸ்கூல் வழியாத்தான் போகும். கிடைச்சா ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1,000, மொத்தம் 48,000 ரூபாய்.

ஸ்டெப் 2: ரெண்டு பேப்பர், ரெண்டு விதமான படிப்பு

மேட் (யோசிக்கிற திறமையப் பாக்கறது), சாட் (பாடத்துல இருந்து கேக்கறது)னு ரெண்டு. ரெண்டுலயும் 90 கேள்வி, 90 நிமிஷம். சாட்ல அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. இதுக்கு கைடு தேடி அலையாதீங்க, ஏழாவது எட்டாவது பாடப் புத்தகத்தையே வரி விடாம படிச்சா போதும், பெட்டிச் செய்தி உட்பட.

ஸ்டெப் 3: மேட்தான் பசங்கள மெரட்டுறது

இது எந்தப் புத்தகத்துலயும் பாடமா இருக்காது, அதனாலதான் பயம். ஆனா கேள்வி வகை கொஞ்சம்தான், திரும்பத் திரும்ப வரும். 3, 7, 15, 31 அடுத்து என்னன்னு கேட்டா மொதல்ல வித்தியாசம் எழுதச் சொல்லுங்க, 4, 8, 16ன்னு டபுள் ஆகுது, அப்ப அடுத்தது 32, விடை 63. மனசுக்குள்ளயே போடறேன்னு சொல்ற பசங்கதான் தப்பு பண்ணும், ஓரத்துல எழுதிப் பாக்கணும்.

திசைக் கணக்குல என் தங்கச்சி சுத்தமா குழம்பிடுவா. தெற்கு பாத்து நடக்கிறவன் வலது பக்கம் திரும்பினா எந்தத் திசைன்னா கிழக்குன்னுவா. அப்பறம் நம்ம ஊரையே மேப்பா போட்டுக் குடுத்தேன்: நடுவுல தர்மபுரி நாலு ரோடு, வடக்க கிருஷ்ணகிரி, தெக்க சேலம், மேக்க பென்னாகரம், கெழக்க அரூர். இப்ப சேலம் பாத்து நில்லு, வலது கை எங்க காட்டுதுன்னேன், பென்னாகரம்னு டக்குனு சொன்னா. அதுக்கப்பறம் அந்தக் கேள்வில ஒரு மார்க்கும் போகல, பேப்பர் ஓரத்துல நாலு ஊர் பேரோட மொத எழுத்து மட்டும் எழுதிக்குவா.

ஸ்டெப் 4: கடிகாரம் வச்சு எழுத வைங்க

கேள்விக்கு ஒரு நிமிஷம், அதுலயே ஓஎம்ஆர் ஷீட்ல (விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்குற தாள்) ஷேடும் பண்ணணும். கடைசி ரெண்டு மாசம் ஞாயித்துக்கெழமை காலைல பழைய கேள்வித்தாள் ஒண்ணு, டிவி ஆஃப், நேரத்தைப் பாத்து எழுதணும். மாட்டிக்கிட்ட கேள்விய விட்டுட்டு போயிடணும், கடைசில திரும்பி வரலாம். நெகட்டிவ் மார்க் கெடையாது, அதனால எதையும் காலியா விடக்கூடாது.

இதுலதான் ஒரு கண்டம் இருக்கு. வீட்ல எழுதினப்ப தங்கச்சி 37ஆவது கேள்விய விட்டுட்டு 38ஓட விடைய 37ல ஷேடு பண்ணிட்டா, அதுல இருந்து மொத்தமும் ஒரு வரி மாறிப் போச்சு, திருத்திப் பாத்தா 22 மார்க்கு. அழுதுட்டா பாவம். விட்ட கேள்விக்கு நேரா பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி வைக்கச் சொல்லலாம்னு மொதல்ல நெனச்சேன், ஆனா ஓஎம்ஆர் ஷீட்ல கண்ட கோடும் புள்ளியும் வேண்டாம், கேள்வித்தாள்லயே வட்டம் போட்டுக்கச் சொன்னேன். பத்து கேள்விக்கு ஒருக்கா நம்பர் சரியான்னு பாக்கணும்.

ஸ்டெப் 5: பாஸ் மார்க்க நம்பாதீங்க

ரெண்டு பேப்பரும் சேத்து 180க்கு 72 எடுத்தா தகுதி, எஸ்சி எஸ்டிக்கு 32 சதவீதம். ஆனா பணம் மெரிட் லிஸ்ட்ல வர்றவங்களுக்குத்தான். அதனால 120க்கு மேல குறி வைங்க.

ஸ்டெப் 6: கிடைச்ச அப்பறம்

புள்ள பேர்ல பேங்க் அக்கவுண்ட், ஆதார் லிங்க் ரெண்டும் முன்னாடியே முடிச்சிடுங்க. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல வருஷா வருஷம் ரினியூவல் பண்ணணும், மறந்தா அந்த வருஷப் பணம் போச்சு. பத்தாவதுல 60 சதவீதம் (எஸ்சி எஸ்டிக்கு 55) வந்தாத்தான் பதினொண்ணுல தொடரும். நடுவுல தனியார் ஸ்கூலுக்கு மாத்தினா நின்னுடும், பத்தாவது முடிச்சதும் ஓசூர்ல தனியார் ஸ்கூல்ல சேக்கலாமான்னு யோசிக்கிறவங்க இதை மொதல்லயே கணக்குல எடுத்துக்கங்க.